சேற்றுவெளிக்குப் பெயர் வைப்பது யார்?

2024 டிசம்பர் 21 அன்று வெளியிடப்பட்ட 'இந்திய வன நிலை அறிக்கை 2023', நாட்டின் அலையாத்திக் காடுகளின் பரப்பு 4,991.68 சதுர கிலோமீட்டர் என்கிறது. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டோடு ஒப்பிடுகையில் இது 7.43 சதுர கிலோமீட்டர் குறைவு என்றும் அதுவே கூறுகிறது. 2021 அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அதில் கிடைக்கும் எண் 4,992. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பழைய எண் பின்னர் திருத்தி எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தாலொழிய அந்தக் கழித்தல் பொருந்தாது. திருத்துவதில் குற்றம் ஒன்றுமில்லை. கருவி மேம்படும்போது பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதே நேர்மையான ஆய்வுமுறை. ஆனால் நாளிதழ்களில் இடம்பெறுவது ஒற்றை எண்ணும், அதற்கு முன்னால் போடப்படும் 'உயர்வு' அல்லது 'சரிவு' என்னும் சொல்லும் மட்டுமே. அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதைக் கேட்போர் மிகக் குறைவு.

நீண்டகாலக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 1987இல் 4,046 சதுர கிலோமீட்டராக இருந்த அலையாத்திக் காடு, முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பெருகியதாக மேடைகளில் சொல்லப்படுகிறது. குஜராத் போன்ற மாநிலங்களில் நடவுப் பணிகள் பெரிய அளவில் நடந்திருப்பது உண்மை. அம்மாநிலத்தின் கணக்கு 427 சதுர கிலோமீட்டரிலிருந்து 2021இல் 1,175 ஆக உயர்ந்ததில் அந்த உழைப்புக்குப் பங்குண்டு. ஆயினும் 1987 அறிக்கைக்குப் பயன்பட்டவை லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படிமங்கள். அவற்றில் ஒரு படப்புள்ளி தரையில் எண்பது மீட்டர் அகலமுடையது. பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடத்தில் கண்ணால் பார்த்து எல்லை வரைந்தார்கள். 400 ஹெக்டேருக்குக் குறைந்த காட்டுத்துண்டு அந்த வரைபடத்தில் இடம்பெற வழியே இல்லை. இன்றைய அறிக்கைகளுக்குப் பயன்படும் லிஸ்-3 உணரியின் படப்புள்ளி 23.5 மீட்டர், ஒரு ஹெக்டேர் வரை பிரித்தறிய முடிகிறது. கழிகளின் ஓரங்களில் நாடாவைப்போல் நீளும் அலையாத்தித் தோப்புகள் அன்றும் இருந்தன. அன்றைய கண்ணுக்கு அவை புலப்படவில்லை. இவ்விரு எண்களையும் அருகருகே நிறுத்திக் கிடைக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரங்கள் வளர்ந்ததால் வந்தது, எவ்வளவு பார்வை கூர்மையடைந்ததால் வந்தது என்று பிரித்துச் சொல்லாமல் அதைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாத செயல்.

உள்நாட்டுக் காடுகளை அளப்பதற்கும் கடலோரத்தை அளப்பதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. சத்தீஸ்கரின் சால் காடு காலை பத்தரை மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அதே காடுதான். கடலோரச் சேற்றுவெளி அப்படிப்பட்டதன்று. ஓதம் ஏறினால் அது கடல், இறங்கினால் நிலம். காம்பத் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் பத்து மீட்டரைத் தாண்டும். சரிவு மிகக் குறைந்த அந்தச் சேற்றில் நீர்விளிம்பு சில மணி நேரத்தில் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும். அங்கே 'இந்த நிலத்தின் போர்வை யாது?' என்று கேட்பதற்கு முன் 'எந்த நேரத்தில்?' என்று கேட்டாக வேண்டும்.

செயற்கைக்கோளுக்கு இந்தக் கேள்வி புரியாது. சென்டினல்-2, ரிசோர்ஸ்சாட் போன்றவை சூரியனோடு ஒத்திசைந்த சுற்றுப்பாதையில் செல்பவை. ஓர் இடத்தை ஏறத்தாழ எப்போதும் காலை பத்தரை மணியளவிலேயே கடப்பவை. நிழலும் வெளிச்சமும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. வயல்களுக்கும் காடுகளுக்கும் மிக நல்லது. கடலோரத்தில் மட்டும் இதற்கு ஒரு விந்தையான பின்விளைவு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்கள் ஒரு குறிப்பிட்ட துறையில் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் உச்சத்தை அடைகின்றன. எனவே ஒரு கடற்கரையில் அந்த நாட்களின் உச்ச ஓதம் முற்பகலில் வருமானால், செயற்கைக்கோள் எத்தனை ஆண்டுகள் கடந்து சென்றாலும் அங்கே நீர் முழுவதுமாய் வடிந்த நிலையைப் படம்பிடிக்காது. நூறு படிமங்களை அடுக்கிச் சராசரி எடுத்தாலும் அந்தக் குறை தீராது. எல்லாப் படிமங்களும் ஒரே பக்கம் சாய்ந்தவை. வேறொரு துறையில் இதற்கு நேர்மாறாக, பெரிய ஏற்றம் ஒருபோதும் பதிவாகாது. இதை அறிந்தவர்கள் ஓத அட்டவணையை வைத்துப் படிமங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறியாதவர்களின் வரைபடத்தில், இரண்டு ஆண்டுப் படிமங்களுக்கிடையே ஓத வேறுபாட்டால் மறைந்த சேறு 'கடலரிப்பு' என்றும், வெளிப்பட்ட சேறு 'புதிய நிலம்' என்றும் பதிவாகிவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் இப்பிழை அரிதன்று என்பதை இத்துறையில் இருப்போர் ஒப்புக்கொள்வர்.

இவையெல்லாம் அளவைப் பிழைகள், முயன்றால் திருத்திவிடலாம். அளவையைவிடப் பெயரிடுவதில்தான் கூடுதல் ஆபத்து இருக்கிறது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் மையம் 2011இல் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. ஓதச் சேற்றுவெளிகளுக்கு அதில் தனி இடம் உண்டு: ஏறத்தாழ 24.1 இலட்சம் ஹெக்டேர். அதே தொகுப்பில் அலையாத்திக் காடுகள் ஏறத்தாழ 4.7 இலட்சம் ஹெக்டேர். சேற்றுவெளியின் பரப்பு அலையாத்தியைப்போல் ஐந்து மடங்கு என்பது இதன் பொருள். அதே நிறுவனத்தின் ஐதராபாத் மையம், ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நில வளத் துறையோடு சேர்ந்து வெளியிடும் மற்றொரு தொகுப்பின் பெயர் 'இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு'. 2019 பதிப்பின்படி நாட்டின் 16.96 விழுக்காடு நிலம் தரிசு. அந்தத் தரிசின் உட்பிரிவுகளில் நீர் தேங்கிய சதுப்புநிலம் உண்டு. உவர்ப்புப் பாதித்த நிலம் உண்டு. கடற்கரை மணல் என்றே ஒரு வகையும் உண்டு.

ஒரே நாட்டின் செயற்கைக்கோள்கள், ஒரே நிறுவனத்தின் இரு மையங்கள், அடிப்படையில் ஒரே ஒளியலைகள். ஒரு தொகுப்பு 'ஈரநிலம், காக்கப்பட வேண்டியது' என்கிறது. மற்றொன்று 'தரிசு, பயனுக்குக் கொண்டுவரப்பட வேண்டியது' என்கிறது. பங்குனி மாதத்தில் ஒடிசாவின் ருஷிகுல்யா முகத்துவாரத்துக்கு இலட்சக்கணக்கில் வந்து முட்டையிடும் பங்குனி ஆமைகளுக்குக் கடற்கரை மணல் தரிசன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மணற்குன்றுகளையும் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. மணல் என்பதை மட்டுமே படிமம் சொல்லும். அதைத் தரிசு என்று எழுதியவர் மேசையில் அமர்ந்திருந்த ஒருவர். வரி தராத நிலத்தையெல்லாம் புறம்போக்கு, தரிசு என்று பதிவேட்டில் தள்ளிய பழைய வருவாய்த் துறையின் கை, இன்று வண்ணப் படிமத்தின்மேல் அதே சொற்களை எழுதுகிறது. தமிழில் கடலோரத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கழி, கானல், கண்டல், அளம், அடைகரை என்று தனித்தனிப் பெயர்கள் பல நூற்றாண்டுகளாகவே இருக்கின்றன. குஜராத்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் இவற்றுக்கு இணையான சொற்கள் உண்டு. அந்தச் சொற்களில் எதுவும் எந்தத் தேசிய வரைபடத்தின் வண்ணக்குறிப்பிலும் இடம்பெறவில்லை.

சட்டத்தின் சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் எல்லாச் சேற்றுவெளிகளையும் முதல் வகையில் சேர்க்கவில்லை. 'உயிரியல் செயல்பாடுள்ள' சேற்றுவெளிகளை மட்டுமே சேர்க்கின்றன. சேற்றுக்குள் புழுவும் நண்டும் சிப்பியும் இருக்கின்றனவா என்பதை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் எந்த உணரியாலும் சொல்ல இயலாது. ஈரச் சேறு அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிக் கறுத்துத் தெரியும், அவ்வளவே. செடி இல்லாததால் பசுமைக் குறியீட்டின் மதிப்பும் சுழியை ஒட்டியே நிற்கும். உயிர் நிறைந்த சேறும் உயிரற்ற சேறும் படிமத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், உயிர் இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை அங்கே வாழ்வோர்மேல் விழுகிறது. திட்டம் கொண்டுவருபவர் படிமத்தை மட்டும் காட்டினால் போதும் என்றாகிவிடுகிறது.

கச்சு மாவட்டத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. குஜராத்தின் அலையாத்திக் காடுகளில் பெரும்பங்கு அங்கேதான் உள்ளது. அங்கே அலையாத்தியை 'சேர்' என்பார்கள். அந்த மரத்தை மேய்ந்து வாழும் கராய் ஒட்டகங்கள் கழிகளை நீந்திக் கடந்து திட்டுகளுக்குச் செல்பவை. 2015இல் இவை தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டன. ஃபக்கிரானி ஜாட், ரபாரி சமூகத்தார் இவற்றை வளர்க்கிறார்கள். மழைக்காலத்தில் திட்டுகளின் பள்ளங்களில் நன்னீர் தேங்கும்; அப்போது ஒட்டகங்கள் அங்கேயே வாரக்கணக்கில் தங்கி மேயும். அதே மாதங்களில்தான் மேகம் மூடி ஒளிப்படச் செயற்கைக்கோள்களுக்குக் கச்சு தென்படாமல் போகிறது. வன அறிக்கைகளுக்கு எடுக்கப்படும் படிமங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானவை. ஆகவே ஒட்டகமும் மேய்ப்பரும் அந்தக் காட்டில் வாழும் காலம் அரசின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேல் குஜராத்திலிருந்து வருகிறது. காண்ட்லா துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் உப்பளங்களுக்காகக் கழிகளின் குறுக்கே மண் கரைகள் போடப்பட்டன. ஒரு கழி அடைபட்டால் ஓதநீர் உள்ளே வருவது நிற்கும். தேங்கிய நீர் வெயிலில் வற்றி உவர்ப்பு ஏறும். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரந்தான்; ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலில் இலை உதிரும், பிறகு கிளை காயும், கடைசியில் மரம் நின்றபடியே சாகும். மூன்று நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு கரை 23.5 மீட்டர்ப் படப்புள்ளிக்குள் கரைந்துபோகும். கரை போட்ட நாளில் வரைபடத்தில் எந்த மாற்றமும் இராது. மரங்கள் செத்த பிறகே சிவப்பு வண்ணம் மங்கும்; அடுத்த அறிக்கை வரும்போது அது 'அடர்வு குறைந்தது' என்று ஒரு வரியாகப் பதிவாகும். ஒட்டகத்தின் பின்னால் நடந்து போனவர்களுக்கோ கரை எழுந்த அன்றே அது தெரியும். ஒட்டகம் வளர்ப்போரின் சங்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. கழிகளின் அடைப்புகளை நீக்கி நீரோட்டத்தை மீட்கவும், அழிந்த அலையாத்தியை மீண்டும் நிலைநிறுத்தவும் 2019 செப்டம்பரில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அந்த வழக்கின் முதல் தடயம் தரையில் கிடைத்தது, விண்ணிலிருந்து அன்று.

மரமாவது செத்தால் படிமத்தில் தடம் விடும். சேற்றுவெளிக்கு அந்த வசதியும் இல்லை. அந்த வளைகுடாவின் கரையில் படகில்லாமல் கால்நடையாகவே சேற்றில் இறங்கி, கம்பு நட்டு வலை கட்டி மீன் பிடிப்போர் இருக்கிறார்கள். பகடியா மீனவர்கள் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். நீர் வடியும்போது போய், ஏறும் முன் திரும்புவது அவர்கள் தொழில். அவர்களின் வலைக்கம்புகளும் காலடித் தடங்களும் எந்தப் படப்புள்ளியிலும் பதிவாவதில்லை. படிமம் பார்க்கும் அதிகாரிக்கு அது யாரும் இல்லாத வெற்றிடம். தொலையுணர்வுப் பாடநூலின் முதல் அத்தியாயமே நிலப்போர்வை வேறு, நிலப்பயன்பாடு வேறு என்று கற்பிக்கிறது. நிலத்தை ஒதுக்கும் கோப்புகளில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

நல்லெண்ணத்தோடு வரும் திட்டங்களும் இதே குழியில் விழக்கூடும். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட 'மிஷ்டி' திட்டம், ஐந்து ஆண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தியை வளர்க்கவும் மீட்கவும் முனைகிறது. நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் நடுவதற்கு இடம் எங்கே என்று வரைபடத்தைப் பார்த்தால், 'காலி' என்று முதலில் கண்ணில் படுவது திறந்த சேற்றுவெளிதான். பூநாரைகளும் நண்டுண்ணிகளும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் உள்ளான்களும் இரை தேடுவது அந்தத் திறந்த சேற்றில். அங்கே ஒரே இன மரத்தை வரிசையாய் நட்டால் அடுத்த வன அறிக்கையில் எண் உயரும். பறவைக்கும் பகடியா மீனவருக்கும் இடம் குறையும். இழந்த சேற்றுவெளியைக் கணக்கெடுத்து ஈராண்டுக்கொருமுறை வரும் அறிக்கை ஏதும் இல்லாததால் அந்த இழப்பு எங்கும் பதிவாகாது. அடைபட்ட கழிகளைத் திறந்துவிட்டால் பல இடங்களில் அலையாத்தி விதைகள் ஓதநீரில் மிதந்து வந்து தாமே வேரூன்றும். அது செலவும் குறைந்த வழி. ஆனால் கழியைத் திறப்பதென்றால் யாருடைய கரையையாவது உடைக்க வேண்டியிருக்கும். நாற்று நடும் விழாவில் அந்தத் தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துச் செயற்கைக்கோளே வேண்டாம் என்று முடிவு கட்டுவது பேதைமை. சுந்தரவனத்தின் தீவுகள் தேய்ந்துவருவதை ஐம்பது ஆண்டுக் கோவையாகக் காட்ட வேறு எந்தக் கருவியாலும் முடியாது. 2008இல் லேண்ட்சாட் படிமக் காப்பகம் இலவசமாகத் திறக்கப்பட்டதும், 2015 முதல் சென்டினல்-2 பத்து மீட்டர்ப் படிமங்களை எவருக்கும் விலையின்றித் தருவதும் அதிகாரத்தின் சமநிலையையே சற்று மாற்றியிருக்கின்றன. 'அங்கே அலையாத்தி இருந்ததே இல்லை' என்று ஒருவர் வாதிட்டால், இருந்த ஆண்டின் படிமத்தை ஒரு கல்லூரி மாணவரால் இன்று எடுத்துக் காட்ட முடியும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், ரேடார் அலைகளால் மேகத்தை ஊடுருவிப் பன்னிரண்டு நாட்களுக்கொருமுறை அதே இடத்தைப் பார்க்கக் கூடியது. கச்சின் மழைக்காலமும் இனி இருட்டாக இருக்க வேண்டியதில்லை. கருவி நாளுக்கு நாள் கூர்மையடைகிறது. வண்ணக்குறிப்பில் எழுதப்படும் சொற்கள் மட்டும் கூர்மையடையவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. கடலோர வரைபடம் ஒவ்வொன்றிலும் படிமம் எடுக்கப்பட்ட தேதியோடு அந்த நேரத்தின் ஓதநிலையும் அச்சிடப்பட வேண்டும். அது இல்லாத இரு படிமங்களை ஒப்பிட்டு அரிப்பு என்றோ வளர்ச்சி என்றோ கூறும் அறிக்கையை எந்த மதிப்பீட்டுக் குழுவும் ஏற்கக் கூடாது. துல்லிய விழுக்காட்டை நாடு முழுவதற்கும் ஒன்றாகச் சொல்லாமல் கடலோரத்துக்குத் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் கச்சின் உள்நில விளிம்பில் அலையாத்தியும் சீமைக்கருவேலமும் அடுத்தடுத்து நிற்கின்றன. படிமத்தில் இரண்டும் சிவப்பு. அங்கத்திய மக்கள் 'காண்டோ பாவள்', பைத்தியக் கருவேல், என்று அழைக்கும் அந்த மரம் அலையாத்திக் கணக்கில் எங்கே கலக்கிறது என்பதை உள்நாட்டுக் காடுகளின் சராசரி காட்டிக்கொடுக்காது. தரிசுநிலத் தொகுப்பின் அடுத்த பதிப்பிலிருந்து கடற்கரை மணலும் கடலோரச் சதுப்பும் உவர்நிலமும் நீக்கப்பட வேண்டும். கடலோர மேலாண்மைத் திட்ட வரைவுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு சட்டப்படி உண்டு. அங்கே எல்லைக் கோடுகளைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். 'இந்த நிறத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? இங்கே எந்த மாதத்தில் யார் வருவார்கள்?' என்று கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். விடை வட்டார மொழியில் அந்த வரைபடத்தின் ஓரத்தில் அச்சிடப்படட்டும்.

கச்சில் அதைத் தொடங்குவது எளிது. 2019 ஆணைக்குப் பின் எந்தெந்தக் கழிகள் உண்மையில் திறந்தன என்பதை ஒரு மீட்டருக்குக் குறைவான துல்லியமுள்ள படிமங்களில் ஓதம் ஏறும் நேரம் பார்த்துச் சரிபார்க்கலாம். நாட்டிடம் அத்தகைய செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. கூடவே எந்தக் கழியில் ஒட்டகம் மீண்டும் இறங்குகிறது என்று மேய்ப்பர்கள் குறித்துத் தரும் பட்டியலை அதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் எந்த இடங்களில் ஒத்துவரவில்லையோ அந்த இடங்களுக்குத்தான் ஆய்வாளர்கள் முதலில் நடந்து போக வேண்டும்.